விளங்கேல்லை என்றால் கேக்கேல்லை என்று அர்த்தம்

போன வருசம் நெல்லியடிக்குப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையத்தில் படம் போட்டோம். 1977இல் தர்மசேன பத்திராஜ எடுத்த ‘பொன்மணி’. யாழ்ப்பாணத்தில் எடுத்த படம், யாழ்ப்பாணப் பேச்சு, சாதியையும் சீதனத்தையும் தொடுகிற கதை. எங்கடை சனம் எங்கடை படத்தைப் பார்க்கட்டும் என்ற பெரிய எண்ணத்தோடைதான் போட்டோம். ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். நடுவில் பிளாஸ்ரிக் கதிரைகளில் நாங்களும் கம்பஸ் நண்பர்களும். இரண்டு பக்கச் சுவரோரமும் பாயில் அம்மாமாரும் ஆச்சிமாரும். அரை மணித்தியாலத்தில் வலப்பக்கச் சுவர் காலியாகத் தொடங்கியது. பிறகு இடப்பக்கம். படம் முடியேக்கை மிஞ்சினது கதிரைகள்தான்.

வாசலில் செருப்புத் தேடிக்கொண்டு நின்ற ஒரு ஆச்சியிடம் “ஏனணை போறியள்?” என்று கேட்டோம்.

“விளங்கேல்லை மோனை” என்றா.

அந்த ஒரு சொல்லை வைத்து நாங்கள் என்னவெல்லாம் செய்தோம் என்று இப்ப நினைக்க வெட்கமாயிருக்கிறது. அடுத்த கிழமை கூடி இருந்து ரசனை வீழ்ச்சி பற்றி இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். தென்னிந்தியப் படமும் சீரியலும் எங்கடை சனத்தைப் பழுதாக்கிப்போட்டுது என்றோம். மாற்றுச் சினிமாவுக்கு இங்கே பார்வையாளர் இல்லை என்றோம். எங்களில் ஒருவர் அதை ஒரு கட்டுரையாகவே எழுதத் தொடங்கிவிட்டார். மேற்கோள் எல்லாம் போட்டு நாலு பக்கம்.

பத்து நாள் கழித்து அதே ஆச்சியை நெல்லியடிச் சந்தையில் கண்டோம். மரக்கறிப் பையை நிலத்தில் வைத்துவிட்டு அவவே தொடங்கினா: “சத்தம் காது கிழியக் கேட்டது மோனை. சொல்லுத்தான் ஒண்டும் விளங்கேல்லை.”

எங்கடை பேச்சில் ‘விளங்கேல்லை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது. புரியவில்லை என்பது ஒன்று. தெளிவாகக் கேட்கவில்லை என்பது மற்றது. ரெலிபோனில் லைன் சரியில்லை என்றால் “விளங்கேல்லை, திருப்பிச் சொல்லு” என்றுதானே சொல்கிறோம்? வடமராட்சியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது தெரியாததில்லை. தெரிந்தும் முதலாவது பொருளைத்தான் எடுத்தோம். அதை எடுத்தால்தான் நாங்கள் அறிவாளிகள், அவை அறியாத சனம். கட்டுரையைக் கிழித்தோம். பிறகு ஒரு பெட்டி செய்தோம். இது அந்தப் பெட்டியைப் பற்றிய கதை. ஆனால் சண்டை பெட்டியோடை இல்லை, எங்களோடையும் எங்களைப் போன்ற உங்களோடையும்தான்.

முதலில் அன்று மண்டபத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். கலியாண வீட்டுக்கு விடுகிற சவுண்ட்ஸிலிருந்து இரண்டு பெரிய பொக்ஸ் வாடகைக்கு எடுத்தோம். ஒவ்வொன்றிலும் பதினைஞ்சு இஞ்சி ஸ்பீக்கர். திரைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ‘பொன்மணி’ காலத்துப் படத்துக்கு ஒலி ஒரே தடம்தான். அதே குரல் இரண்டு பொக்ஸாலும் வரும். நடுக்கதிரையில் இருக்கிறவருக்கு இரண்டும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும், பிரச்சினை இல்லை. வலப்பக்கச் சுவரோரம் இருக்கிற ஆச்சிக்கு வலது பொக்ஸ் மூன்று மீற்றரில், இடது பொக்ஸ் எட்டு மீற்றரில். ஐந்து மீற்றர் வித்தியாசம். ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர் போகும். ஆகவே ஒவ்வொரு சொல்லும் அவவுக்கு ஒருமுறை வந்து, 14 மில்லிசெக்கன் கழித்து இன்னொருமுறை வருகிறது. அதோடை தகரக் கூரையிலும் வெறுஞ் சுவரிலும் பட்டுத் தெறிக்கிற எதிரொலி வேறு. சொல்லின் மேலே சொல்லு ஏறி நிற்கிறது.

அடுத்தது, பேச்சு எங்கே இருக்கிறது என்பது. பேச்சின் பலம் உயிரெழுத்துகளில். அது கீழ்ச் சுருதிப் பக்கம். பொருளைப் பிரித்துக் காட்டுகிறவை மெய்யெழுத்துகள். அவை பலம் குறைந்தவை, மேல்ச் சுருதிப் பக்கம் இருப்பவை. ‘வலை’யையும் ‘வளை’யையும், ‘மன’த்தையும் ‘மண’த்தையும் பிரிக்கிறது அந்த மெல்லிய பகுதிதான். பழைய வீட்டு ரெலிபோன் 300 ஹேர்ட்ஸிலிருந்து 3400 ஹேர்ட்ஸ் வரைதான் கொண்டுபோகும். அதில் பேஸ் எங்கே? இருந்தும் கொழும்பிலிருந்து கதைக்கிற மாமாவின் ஒவ்வொரு சொல்லும் விளங்கும். வயது போகப் போக முதலில் குறைவது மேல்ச் சுருதிக் கேள்விதான். ஆக, மண்டபத்தில் ஆருக்கு மெய்யெழுத்து அதிகம் தேவையோ, அவையைத்தான் நாங்கள் சுவரோரம் இருத்தி, கலியாண வீட்டு பேஸால் மூடினோம்.

இதுக்கு மருந்து எப்பவோ கண்டுபிடிச்சாச்சு. 1933 ஏப்ரலில் பெல் ஆய்வுகூடக்காரர் பிலடெல்பியாவில் வாசித்த ஒரு ஓகெஸ்ட்ராவை மூன்று கம்பி வழியாக வாஷிங்ரனுக்கு அனுப்பி, மூன்று ஒலிபெருக்கியில் கேட்க வைத்தார்கள். இடம், நடு, வலம். இரண்டு மட்டும் வைத்தால் நடுவில் இல்லாதவர்களுக்கு மேடை ஒரு பக்கம் சரிந்து கேட்கும் என்பதால்தான் மூன்றாவது. சினிமாத் தியேட்டர்களும் அதையே பிடித்துக்கொண்டன. ‘பொன்மணி’ வந்த அதே 1977இல் ‘ஸ்ரார் வோர்ஸ்’ டொல்பி ஸ்ரீரியோவோடு வந்தது. அதிலும் நடு ஒன்று உண்டு. பாத்திரங்கள் பேசுவது பெரும்பாலும் அந்த நடுப் பெட்டியால்தான். ஓரக் கதிரைக்காரருக்கும் குரல் திரையிலிருந்து வரவேணும் என்பதுக்காகவே அது அங்கே நிற்கிறது.

‘சென்ரர்’ என்ற பெயரைப் பார்த்து அது நடுவில் இருக்கிறவருக்கு என்று நினைக்கிறோம். நடுவில் இருக்கிறவருக்கு அது தேவையே இல்லை. இரண்டு பெட்டி சரியாக வைத்தால் அவருக்கு நடுவில் குரல் தானாகவே கேட்கும். சென்ரர் வேண்டியது ஓரத்தில் இருக்கிறவைக்கு.

எங்கடை ஊர் வீடுகளில் இந்த சென்ரருக்கு என்ன நடந்தது என்று பாருங்கோ. லண்டன் சித்தப்பாவோ கனடா மாமாவோ கொண்டுவந்த ஹோம் தியேட்டர் ஒன்று எத்தினை வீட்டில் இருக்கு! அஞ்சு குட்டிப் பெட்டியும் ஷோகேஸில், பட்டமளிப்புப் படத்துக்கும் பீங்கான் பொம்மைக்கும் நடுவில், வரிசையாக. சப்வூஃபரை மட்டும் முழுசாத் திருப்பி வைத்து, ரீவியில் ஆராவது கதவைச் சாத்தினாலே சுவர் அதிர வைக்கிறோம். பிறகு வசனம் கேக்கேல்லை என்று சப்டைட்டில் போடுகிறோம். தமிழ்ப் படத்துக்கு! தமிழ்ப் படத்தை இங்கிலீஸில் வாசித்து விளங்கிக்கொள்ளுகிற தலைமுறை நாங்கள். இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாத அம்மம்மா பக்கத்தில் இருக்கிறா. அவ கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போய் சாமியறையில் இருக்கிறா. “அம்மம்மாக்கு உதுகளில விருப்பமில்லை” என்கிறோம்.

பஸ்ஸிலும் இதே கதைதான். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு வருகிற பஸ்ஸில் வல்லைவெளி தாண்டேக்கை, யன்னலால் அடிக்கிற காற்றையும் மேவி பேஸ் நெஞ்சில் இடிக்கும். பாட்டின் சொல்லு என்னவென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சனத்துக்கு இதுதான் விருப்பம் என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கோ. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலை அடி அடியாகப் பிரித்துக் கேட்ட சனம் இது. கோயில் வீதியில் விடிய விடிய இருந்து, எந்தச் சொல்லு எங்கே விழுந்தது என்று அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் வாதாடின சனம். அந்தக் காது எங்கேயும் போகவில்லை.

இன்னும் கிட்டத்து உதாரணம் எங்கடை அம்மா அப்பாவிடமே இருக்கிறது. 90களின் தொடக்கத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தட்டுப்பாடு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவால் றேடியோவுக்கு உயிர் கொடுத்தார்கள். உள்ளங்கையளவு ஸ்பீக்கர் ஒன்று. சுற்றிவர அயலட்டை முழுக்க. பின்வரிசையில் நின்றவருக்கும் செய்தியின் ஒவ்வொரு ஊர்ப்பெயரும் விளங்கியது. விளங்கியே ஆகவேணும், உயிர் அதில் தொங்கியது. அந்தக் குட்டி ஸ்பீக்கரால் பேஸ் தர முடியாது. பேச்சைத் தர முடிந்தது.

சரி, கடைக்குப் போய் ஒரு சென்ரர் பெட்டி வாங்கினால் முடிந்துதானே என்று கேட்பீர்கள். முடியாது. காசு ஒரு காரணம்: 2022க்குப் பிறகு இந்த நாட்டில் இறக்குமதிச் சாமானின் விலை என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெரிய காரணம் வேறு. கடையில் இருக்கிற சென்ரர் பெட்டிகளில் அநேகமானவை ஒரே அச்சு: நீட்டாகப் படுத்திருக்கும், நடுவில் ஒரு ருவீற்றர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வூஃபர். பார்க்க வடிவு. ரீவிக்குக் கீழே அளவாகப் போகும். அந்த வடிவம் வந்ததே அதுக்காகத்தான், காதுக்காக இல்லை.

சாதாரண தரத்தில் படித்த சைனை எடுங்கோ. இரண்டு வூஃபரின் மையத்துக்கும் இடையில் 30 சென்ரிமீற்றர் என்று வைப்போம். நேரே முன்னால் இருக்கிறவருக்கு இரண்டிலிருந்தும் தூரம் ஒன்று. 30 பாகை பக்கவாட்டில் இருக்கிறவருக்கு ஒன்று கிட்ட, ஒன்று தூர. வித்தியாசம் 30 × சைன் 30, அதாவது 15 சென்ரிமீற்றர். அலைநீளம் 30 சென்ரிமீற்றராக உள்ள ஒலிக்கு அது சரி பாதி. ஒன்றின் மேடு மற்றதின் பள்ளத்தில் விழும், இரண்டும் ஒன்றையொன்று தின்னும். அந்த ஒலி கிட்டத்தட்ட 1150 ஹேர்ட்ஸ். பேச்சின் நடு வயிற்றில் ஒரு ஓட்டை! வீட்டில் சோபா நடுவில் இருக்கிற வீட்டுக்காரருக்கு இது தெரியவே தெரியாது. ஓரத்தில் கதிரை போட்டு இருக்கிற விருந்தாளிக்கும், குசினி வாசலில் நின்று பார்க்கிற அம்மாவுக்கும்தான் தெரியும். ஓரத்தவருக்காகக் கண்டுபிடித்த சாமானை, ஓரத்தவருக்குக் கேட்காத மாதிரிச் செய்து, ‘சென்ரர்’ என்று பெயர் ஒட்டி விற்கிறார்கள்.

அதனால் எங்கடை பெட்டிக்கு ஒரு வூஃபர்தான். அதுக்கு நேர் மேலே ஒரு ருவீற்றர். பெட்டி நிமிர்ந்து நிற்கும். அப்படி நின்றால் பக்கவாட்டில் எங்கே இருந்தாலும் இரண்டுக்கும் உள்ள தூர வித்தியாசம் பெரிசாக மாறாது.

ஸ்பீக்கர் இரண்டும் திருத்தக் கடையில் மூலைக்குள் கிடந்த பழைய செட் ஒன்றிலிருந்து. அஞ்சு இஞ்சி வூஃபர். அதன் விபரம் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. கடை அண்ணை “தம்பியவை, பெட்டியைப் பெரிசா அடியுங்கோ, பேஸ் வரும்” என்றார். எங்களுக்கு பேஸ் வேண்டாம் அண்ணை என்றதும் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். “கம்பஸில என்ன படிக்கிறியள்?” கலைப்பீடம் என்றோம். சிரித்தார். கலைப்பீடத்துப் பிள்ளைக்குக் கையால் ஒரு வேலையும் தெரியாது என்பது ஊர் முடிவு. அதில் பாதிப் பழி எங்களுக்கும்தான். ‘தொழில்நுட்பத்தின் அரசியல்’ என்று சோதனைக்கு எழுதுவோம், பிளக்குக்கு வயர் பூட்ட ஆளைக் கூப்பிடுவோம்.

பெட்டியின் அளவைக் குருட்டு வாக்கில் எடுக்கத் தேவையில்லை. அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், பிறகு 70களில் றிச்சர்ட் ஸ்மோலும் இந்தக் கணக்கை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டார்கள். ஒரு போன், ஒரு மல்ரிமீற்றர், ஆயிரம் ஓம் றெசிஸ்ரர் ஒன்று போதும். போனில் சுருதியை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு, ஸ்பீக்கருக்குக் குறுக்கே வோல்ற்றேஜ் எங்கே உச்சத்துக்குப் போகுது என்று பார்த்தோம். 62 ஹேர்ட்ஸில். பிறகு அளவு தெரிந்த ஒரு மூடின பெட்டியில் பூட்டித் திரும்பவும் பார்த்தோம். கணக்குப் போட்டால் ஏழு லீற்றர் வந்தது. உட்பக்கம் 18க்கு 26க்கு 15 சென்ரிமீற்றர். அந்த அளவில் காற்றுப் போகாமல் மூடினால் அதிர்வு 97 ஹேர்ட்ஸுக்கு ஏறி, கீழ்ப்பக்கம் அளவோடு வழுக்கி இறங்கும். பேச்சுக்கு அது தாராளம். அதுக்குக் கீழே உள்ளதைப் பெரிய பொக்ஸ் பார்த்துக்கொள்ளும்.

பலகை 18 மில்லிமீற்றர் பிளைவூட், ஒரு தச்சுப் பட்டறையில் மிச்சமாய்க் கிடந்தது. மூலைகளுக்கு மரப்பசை, உள்ளே அம்மம்மாவின் பழைய தலையணை ஒன்றிலிருந்து இலவம் பஞ்சு. ருவீற்றருக்கு 6.8 மைக்ரோ பரட் கப்பாசிற்றர் ஒன்று. எட்டு ஓம் ருவீற்றருக்கு அது மூவாயிரம் ஹேர்ட்ஸ் கிட்ட வேலியடைக்கும். முதல் தரம் பூட்டினபோது பெட்டி எங்கேயோ மூச்சு விட்டது. வூஃபரை விரலால் மெதுவாக அமத்தி விட்டுப் பாருங்கோ, காற்று இறுகியிருந்தால் அது ஆறுதலாகத் திரும்பி வரும். எங்களுடையது சட்டென்று திரும்பியது. வயர் வருகிற ஓட்டையைச் சுற்றிப் பசை வைத்தோம். சரியாயிற்று. புது சவுண்ட்பார் ஒன்றின் விலையில் கால்வாசியும் முடியவில்லை.

பெட்டி வைக்கிற இடத்தில் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. தியேட்டர்காரர் திரையில் ஆயிரக்கணக்கில் குட்டி ஓட்டை போட்டுத்தான் பின்னால் ஸ்பீக்கர் வைக்கிறார்கள். எங்கடை திரையோ வெள்ளைத் துணி. அதுக்குள்ளால் சத்தம் தானே போகும். பெட்டியை ஒரு ஸ்ரூலில் ஏற்றி, துணிக்குப் பின்னால், நடிகரின் வாய் வருகிற உயரத்தில் வைத்தோம். பழைய அம்பிளிபையரின் பின்பக்கத்தில் ‘சென்ரர்’ என்று எழுதி வருசக்கணக்காக வெறுமையாய் இருந்த இரண்டு துவாரத்துக்கும் முதன்முதலாக வயர் போனது. ஒரே தடம் உள்ள படத்தின் குரல் முழுவதையும் அந்த ஒரு பெட்டியாலேயே விட்டோம். எதிரொலியைப் பெட்டியால் திருத்த ஏலாது. அதுக்குச் சுவரில் பாயும் பழைய சேலைகளும் தொங்கவிட்டோம்.

இதில் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. மைக் வராத காலத்தில் எங்கடை கூத்துக்காரருக்கு இது தெரிந்திருந்தது. வட்டக்களரியைச் சுற்றிச் சனம் இருக்கும். ஆட்டக்காரர் ஒரு வரி பாடினால், பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவினம். முதல் தரம் முகம் மற்றப் பக்கம் திரும்பியிருந்ததால் தவறவிட்டவருக்கு இரண்டாம் தரம் கிடைக்கும். கூத்துப் பற்றி நாங்கள் கலைப்பீடத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். சடங்கு என்கிறோம், அழகியல் என்கிறோம். கடைசி ஆளுக்கும் சொல்லுப் போய்ச் சேர வேணும் என்ற அக்கறையை மட்டும் படிக்கவில்லை. ‘விளிம்புநிலை’ என்ற சொல்லு இல்லாமல் எங்கடை பக்கத்தில் ஒரு கட்டுரை வந்ததில்லை. எங்கடை சொந்த மண்டபத்தின் விளிம்பில் என்ன கேட்குது என்று ஒருநாளும் போய் இருந்து பார்த்ததுமில்லை.

ஆகவே படம் போடுகிற, கூட்டம் வைக்கிற, கவிதை வாசிக்கிற எல்லாக் குழுக்களுக்கும் சொல்கிறோம். தொடங்க முதல் உங்களில் ஒருவர் கடைசிச் சுவரோரம் நிலத்தில் போய் இருங்கோ. அங்கே ஒவ்வொரு சொல்லும் விளங்கினால் தொடங்குங்கோ. விளங்காட்டில் நிகழ்ச்சியைத் தள்ளிப் போடுங்கோ. காசில்லை என்று சொல்லாதேங்கோ. பெட்டிக்குப் போன காசு அன்றைக்கு எங்கடை பதாகைக்கும் பற்றிசுக்கும் போன காசைவிடக் குறைவு. சனத்துக்கு ரசனையில்லை என்று எழுத முதல், சனத்துக்குக் கேட்டதா என்று ஒரு தரம் கேளுங்கோ.

இந்த வருசம் அதே மண்டபத்தில் அதே படத்தைத் திரும்பப் போட்டோம். சந்தையில் கண்ட ஆச்சியின் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டோம். இந்தமுறையும் சிலர் எழும்பிப் போனார்கள், சோறு வைக்க வேணும், பஸ் பிடிக்க வேணும். மற்றவை இருந்தார்கள். படம் முடிந்து நாங்கள் ‘கலந்துரையாடல்’ என்று அறிவிக்க முதலே வலப்பக்கச் சுவரில் கதை தொடங்கிவிட்டது. சீதனத்தைப் பற்றி ஆச்சிமார் இரண்டு பேர் படத்தில் வந்த ஒரு வசனத்தை அப்படியே சொல்லிக் காட்டிச் சண்டை பிடித்தார்கள். நாங்கள் கிழித்த நாலு பக்கக் கட்டுரையில் அந்த வசனமே இல்லை.

பெட்டியைக் கழற்றேக்கை அந்த ஆச்சி கிட்ட வந்தா. எல்லாம் விளங்கினதோ அணை என்று பெருமையோடை கேட்டோம்.

“இண்டைக்கு எல்லாம் விளங்கினது” என்றா. பிறகு கதிரைகளைப் பார்த்தா. “அது சரி மோனை, முழங்கால் நோகிற நாங்கள் பாயில, பெடியள் நீங்கள் கதிரையிலயோ?”

அடுத்த மாதம் இன்னொரு படம் போடுகிறோம். கதிரைகள் சுவரோரம். நாங்கள் நடுவில், பாயில்.